விடை தெரிந்த சோதனைகள்

பள்ளியில் தனி ஊசல் சோதனைக்கு எனக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. ஊசலை நான் ஒழுங்காக ஆட்டவே இல்லை. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்பது தெரியும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஒரு மீட்டர் நூலுக்கு 20 அலைவுகள் 40 விநாடி, 40.3 விநாடி என்று, நம்பும்படியான சிறு பிசகுகளோடு எழுதிக் கொடுத்தேன். பிசகையும் திட்டமிட்டுச் செய்தேன் என்பதுதான் இன்று உறுத்துகிறது. பிறகு நான் ஆங்கில இலக்கியத்துக்குப் போனதில் விஞ்ஞானத்துக்கு நஷ்டமில்லை. பழக்கம் மட்டும் கூடவே வந்தது. தீர்ப்பை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற வரிகளைக் கவிதையில் பொறுக்கும் விமர்சனம் நம்மிடையே ஏராளம். நானும் எழுதியிருக்கிறேன்.

எனவே, மாணவனைப் பரீட்சை அறையிலிருந்து விடுவித்து, தெருவிலும் வயலிலும் ஒரு வேலையைக் கொடுத்து அவனுடைய விஞ்ஞானப் புரிதலை அளக்கலாம் என்று சொல்லப்படும்போது, உற்சாகத்தோடு சந்தேகமும் வருகிறது. விடை முன்பே நிச்சயிக்கப்பட்டிருந்தால் தெருவும் இன்னொரு பரீட்சை அறைதான். (தெர்மகோல் எரிமலை கடையில் ரெடிமேடாகவே கிடைக்கிறது.) இங்கே உண்மையில் சோதிக்கப்படுபவர் ஆசிரியர். தான் எதிர்பாராத விடைக்கு மதிப்பெண் போட அவரால் முடியுமா?

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972ல் 16 பள்ளிகளில் தொடங்கிய விஞ்ஞானக் கல்வித் திட்டம் இந்தக் கேள்வியை எதிர்கொண்டது. ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கான அதன் ‘பால் வைக்யானிக்’ புத்தகங்களில் சோதனைகளும் கேள்விகளும் இருந்தன, விடைகள் இல்லை. குழந்தை செய்து பார்த்துத் தன் நோட்டில் எழுதிக்கொண்டதுதான் விடை. பரீட்சைக்குப் புத்தகத்தையும் நோட்டையும் எடுத்துப் போகலாம். செய்முறைத் தேர்வு தனியாக உண்டு. 1978ல் மாவட்டம் முழுவதற்கும் பரவிய திட்டத்தை 2002ல் மாநில அரசு நிறுத்தியது. முப்பது வருஷம் நடந்ததே எனக்கு ஆச்சரியம்.

வங்கியில் மாலை கேஷ் டாலி ஆகியே தீர வேண்டும். பத்து ரூபாய் குறைந்தால் கைக்காசைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. பிறர் பணம், நேர்செய்வதில் ஒருவித ஒழுக்கம் இருக்கிறது. இயற்கை நம்மிடம் கணக்கு வைத்திருக்கவில்லை. அங்கே நேர்செய்வது பொய்.

பக்கத்து வீட்டுப் பெண் ஏழாவது படிக்கிறாள். தெருக்குழாயில் ஒழுகும் தண்ணீரை மூன்று நாள், தினம் ஒரு மணி நேரம் அளந்து வரச் சொல்லியிருந்தார்கள். நல்ல வேலை. முதல் நாள் 3 லிட்டர். மறுநாள் சொட்டுக்கூட இல்லை. எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். மூன்றாம் நாள் 5 லிட்டர். சைபரை எழுதலாமா என்று என்னிடம் கேட்டாள்.

"நாலுன்னு போட்டுடுடி, டீச்சர் ஒத்துக்க மாட்டாங்க" என்றார் அவள் அம்மா.

மேல்தொட்டி, வால்வு, அழுத்தம் என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அந்தச் சைபருக்குள் இருந்தது. எழுது என்றேன். என் பழைய ஊசலுக்கு அவள் மதிப்பெண்ணைச் செலவழிக்கிறேனோ என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அதை ஒதுக்கிவிட்டேன்.

நோட்டு திரும்பி வந்தது. சைபர் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. ‘மறுபடி அளக்கவும்’, பத்துக்கு ஆறு.

"நீங்க சொன்னீங்களே மாமா" என்றாள். ஊசலுக்கு நான் வாங்கிய மதிப்பெண்ணை அவளிடம் சொல்லவில்லை.