ஊர்கொலைக்குக் கல் இல்லை

புறநானூற்றின் 9ஆம் பாடலைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. அம்பு விடப்போகிறோம், பசுக்களும் பார்ப்பனரும் பெண்களும் நோயாளிகளும் ஆண்பிள்ளை பெறாதவர்களும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று அறிவித்துவிட்டுப் போர் தொடங்குகிறவன் அவன். ‘அறப்போர்’ என்று குறிப்பெடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவதுதான் வழக்கம். (பசுவோடும் பிணியாளரோடும் பெண்களை ஒரே வரிசையில் நிறுத்தியிருப்பதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.) சென்ற ஆண்டு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “சொல்லிட்டு அடிச்சா சரியாம்மா?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் நான் பேர்ல் ஹார்பர் தாக்குதலைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் அடித்ததற்கு உலகம் இன்றும் எடுத்துக்காட்டுகிற நிகழ்வு அது.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஹவாய் தீவுக்கூட்டத்தின் ஒவாஹு தீவில் காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு ஜப்பானிய விமானங்கள் வந்தன. அமெரிக்கத் தரப்பில் இறந்தவர்கள் 2,403 பேர். அவர்களில் 1,177 பேர் அரிசோனா என்ற ஒரே கப்பலில் இருந்தவர்கள். அந்தக் கப்பலின் இசைக்குழுவைச் சேர்ந்த 21 பேரும் அதில் அடக்கம். பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்வதாக ஜப்பான் அனுப்பிய கடிதம் வாஷிங்டனில் கைக்குக் கிடைத்தபோது தாக்குதல் தொடங்கி ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதியிருக்கிறார்கள். தட்டச்சு செய்தவர் தாமதித்தாரா, தூதரகம் அலட்சியமாக இருந்ததா, திட்டமிட்டே தாமதமா, அந்தக் கடிதத்தைப் போர்ப் பிரகடனம் என்று கொள்ளலாமா என்று. கடிதம் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து சேர்ந்திருந்தால் அன்றைய சாவுகளில் எது நியாயமாகியிருக்கும் என்ற கேள்விக்கு அந்த விவாதத்தில் இடமே இல்லை. என் மாணவி கேட்டது அதைத்தான்.

அன்று இறந்தவர்களில் 68 பேர் குடிமக்கள். அவர்களில் மூன்று மாதக் குழந்தையும் உண்டு. ஹொனலுலு நகருக்குள் விழுந்து வெடித்தவற்றில் பெரும்பாலானவை ஜப்பானியக் குண்டுகள் அல்ல. விமானங்களை நோக்கி அமெரிக்கப் படையே சுட்டு, வானில் வெடிக்காமல் தெருவில் வந்து விழுந்த குண்டுகள். இறந்த குடிமக்களில் கணிசமானோர் ஜப்பானிய வம்சாவளியினர். கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். (இந்த வரலாறு நமக்கு அந்நியமானதல்ல, நம்மவர்கள் ஏறிய கப்பல்கள் வேறு திசையில் போயின, அவ்வளவுதான்.) எதிரியின் முகச்சாயலோடு, சொந்த நாட்டின் குண்டுக்கு, எதிரி வந்த நாளில் செத்துப்போனவளை எந்தக் கணக்கில் வைப்பது? 2,403 என்ற கூட்டுத்தொகை அவளைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அந்த எண்ணைச் சொல்லி வளர்த்த கோபத்தில் அவளுக்கு இடமில்லை. பத்து வாரங்கள் கழித்து, 1942 பிப்ரவரி 19 அன்று வெளியான அதிபர் ஆணையின்படி, அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து அவளைப் போன்ற ஏறத்தாழ 1,20,000 பேரை முள்வேலி முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள்.

அன்று ஹொனலுலுவில் எலிசபெத் மக்கின்டோஷ் என்ற பெண் நிருபர் இருந்தார். ‘ஸ்டார் புல்லட்டின்’ நாளிதழில் வேலை. ஒரு வாரம் மருத்துவமனையிலும் பிணவறையிலும் எரிந்த தெருக்களிலும் தான் கண்டதை ஹவாய்ப் பெண்களுக்கென்று எழுதினார். பிணவறையில் கிடந்த ஒரு சிறுமியைப் பற்றி அதில் ஓர் இடம் வருகிறது. சிவப்பு ஸ்வெட்டர், காலில் செருப்பில்லை, கையில் ஸ்கிப்பிங் கயிற்றின் ஒரு துண்டு. இனி என்ன நேரும் என்பதைப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அவர் எழுதினார். படித்தால் வாசகர்கள் கலங்கிப்போவார்கள் என்று பத்திரிகை ஆசிரியர்கள் அதை வெளியிடவில்லை. 2012 டிசம்பரில்தான் வாஷிங்டன் போஸ்ட் அதை அச்சிட்டது. 71 ஆண்டுகள்!

பெண்கள் கலங்கிவிடக் கூடாது என்ற அந்த அக்கறையைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எரியும் போர்க்கப்பலின் படத்தைப் போட்டார்கள். அந்தப் படம் கோபத்தை உண்டாக்கும். கோபத்தைக் கொண்டு படைக்கு ஆள் சேர்க்கலாம், போர்ப் பத்திரம் விற்கலாம். ஸ்கிப்பிங் கயிற்றைக் கொண்டு என்ன செய்வது? அதைப் பார்த்தவளுக்கு, யார் போட்ட குண்டு என்பதைவிட முதலில், குழந்தை தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள் என்பதுதான் தோன்றும். அது கலக்கம்தான், ஆனால் அரசுக்குப் பயன்படாத கலக்கம்.

ஜப்பானும் இதில் சளைக்கவில்லை. அன்றைய தாக்குதலுக்கு ஐந்து குட்டி நீர்மூழ்கிகளில் பத்துப் பேரை அனுப்பியிருந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களைப் போர்த் தெய்வங்களாக்கிக் கொண்டாடியது. பத்தாவது ஆள் உயிரோடு பிடிபட்டான். அந்தக் கொண்டாட்டத்தில் அப்படி ஒருவன் இருந்ததாகவே காட்டவில்லை. செத்தவனுக்குத்தான் கல்.

நம் மரபுக்கு வருகிறேன். நான் பாடம் சொல்கிறவள், வராமல் இருக்க முடியாது. தொல்காப்பியத்தில் போரின் முதல் திணை வெட்சி. சொல்லாமல் போய் மாற்றார் ஆநிரையைக் கவர்ந்து வருவது. அதைக் ‘களவு’ என்றே தொல்காப்பியர் சொல்கிறார். ஒற்றறிவது, புறத்தே தெரியாதபடி சூழ்வது என்று அதன் துறைகள் விரியும். நடுகல்லும் அந்தத் திணையில்தான் வருகிறது. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீராட்டுவது, நடுவது, வாழ்த்துவது வரை ஆறு நிலைகள். எதிர்பாராத் தாக்குதலும் நினைவுகூர்தலும் ஒரே திணையில் அமைந்திருப்பதை எத்தனையோ முறை வியந்து பேசியிருக்கிறேன். அதே துறைகளுக்கு இடையே ‘ஊர்கொலை’ என்றும் ஒன்று உண்டு. ஒற்றைச் சொல். அதற்கு நிலைகள் இல்லை. மாட்டை மீட்கப் போய் விழுந்தவனுக்கு மயிற்பீலி சூட்டிய கல். அவன் மனைவிக்குக் கைம்மை. ஊர்கொலையில் போனவர்களுக்கு அந்தச் சொல்லோடு சரி. இருபது ஆண்டுகளாக நானும் அதைத் துறைப் பட்டியலில் ஒன்றாக மனப்பாடம் செய்யவைத்துக் கடந்திருக்கிறேன்.

அரிசோனா இன்னும் துறைமுகத்தின் அடியில்தான் கிடக்கிறது. 1962இல் அதன் மேல் வெள்ளை நிறத்தில் நினைவிடம் கட்டினார்கள். உள்ளே பளிங்குச் சுவரில் 1,177 பெயர்கள். கப்பலிலிருந்து எண்ணெய் இன்னும் சொட்டுச் சொட்டாகக் கசிந்து நீர்மேல் வானவில் நிறத்தில் படர்கிறது. தப்பிப் பிழைத்த மாலுமிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர், வயதாகி இறந்த பிறகு, தங்கள் சாம்பலைப் பழைய தோழர்களோடு அந்தக் கப்பலுக்குள்ளேயே வைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். இதையெல்லாம் எள்ளிப் பேச எனக்கு மனம் வராது. பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள். குடிமக்களின் பெயர்களும் கரையிலுள்ள நினைவு வட்டத்தில் இப்போது இருக்கின்றன. நினைவு தன்னைத் திருத்திக்கொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் இடையில் ஒன்று நடந்துவிட்டது. 1945 ஆகஸ்ட் 6 அன்று, காலை ஏழரை மணிக்கு ஆபத்து நீங்கியதாக ஹிரோஷிமாவில் சங்கு ஊதினார்கள். எட்டேகால் மணிக்கு அணுகுண்டு விழுந்தது. பேர்ல் ஹார்பரில் வானிலிருந்து போரைத் தொடங்கியவர்களுக்குப் பல மடங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றது அன்றைய அமெரிக்க அதிபர் ட்ரூமனின் அறிக்கை. அரிசோனாவின் இசைக்குழுப் பையன்களைக் கேட்டா சொன்னார்? கையில் கயிற்றுத் துண்டோடு கிடந்தவளைக் கேட்டா?

இந்த ஆண்டு வெட்சியை நடத்தும்போது ‘ஊர்கொலை’யில் நின்றுவிட்டேன். அந்த ஊரில் அன்று யாரெல்லாம் இருந்திருப்பார்கள் என்று கேட்டேன். முதலில் யாரும் பேசவில்லை. “பால் கறக்க எழுந்தவ,” என்றாள் ஒருத்தி. “பிள்ளைத்தாச்சி.” “கண்ணு தெரியாத கிழவி.” “முதல் நாள் விருந்தாளியா வந்தவங்க.” சென்ற ஆண்டு கேள்வி கேட்டவளின் தங்கை இந்த வகுப்பில் இருக்கிறாள். “கன்னுக்குட்டியத் தேடிப்போன புள்ள,” என்றாள் அவள். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன். மணி அடித்தபோது பலகையில் இடம் தீர்ந்திருந்தது. இன்னும் இரண்டு பேர் கை தூக்கியிருந்தார்கள்.