யார் கணக்கில் எழுதுவது?

டிரையத்லான் உலகப் போட்டிக்கு இடம் கிடைக்கிற விதம் விசித்திரமானது. கோவாவில் 2019இல் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 பந்தயத்தில் 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். பரிசளிப்பின்போது உலகப் போட்டிக்கு இடம் பெற்றவர்களின் பெயரைக் கூப்பிடுவார்கள். ஆள் நேரில் இருக்க வேண்டும். இடம் வேண்டுமென்றால் கட்டணத்தை அப்போதே கட்டவேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று தவணை வாங்க முடியாது.

என் தம்பி அங்கிருந்து போன் செய்தான். "அக்கா, பேரு வந்திருச்சு. இப்பவே கார்டு போடோணுமாம்."

"அம்மிணிகிட்டக் கேட்டியா?"

"போனை எடுக்கலைங்க்கா."

தொண்டாமுத்தூரில் அந்நேரம் தம்பி சம்சாரம் பாக்குத் தோப்பில் இருந்தாள். மும்முனைக் கரண்ட் வரும்போது மோட்டாரைப் போட்டு வால்வைத் திருப்பியாக வேண்டும். தம்பி பணத்தைக் கட்டிவிட்டான்.

உலகப் போட்டி 2024 டிசம்பரில், நியூசிலாந்தின் டாப்போ ஏரிக்கரையில். கட்டணம், விசா, விமானம், தங்குமிடம் எல்லாம் தெரிந்த செலவுகள். சைக்கிளை அனுப்புவது தனிப்பாடு. ஹேண்டில்பாரையும் பெடல்களையும் சக்கரங்களையும் கழற்றி, டயரில் காற்றைக் குறைத்து, கெட்டிப் பெட்டிக்குள் நுரைத்துண்டு வைத்து அடுக்க வேண்டும். இடது பெடலுக்கு மட்டும் ரிவர்ஸ் மரை. வழக்கம்போலத் திருப்பினால் இன்னும் இறுகும். பம்புசெட் பட்டறை வைத்திருப்பவன் என்பதால் தம்பிக்கு அது கைவந்த வேலை. பெட்டிக்கு விமானக் கம்பெனி கேட்ட காசுதான் அவனை மலைக்க வைத்தது.

"செயிச்சா எவ்வளவு தருவாங்க?" என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. வயதுப் பிரிவில் ஓடுகிறவர்களுக்குப் பரிசுப் பணம் கிடையாது. இந்தக் கேள்வி எனக்குப் பிடிப்பதில்லை. காதுகுத்துக்கும் சீருக்கும் கடன் வாங்கிச் செலவழிக்கும்போது வரவு என்ன என்று யாரும் கேட்பதில்லையே. உழைத்துச் சம்பாதித்தவன், நாற்பது வயதுக்குமேல் உடம்பை இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறான். அந்தப் பணத்தை நான் வீண் என்று சொல்லமாட்டேன்.

என்னை உறுத்துவது வேறு. இந்தப் பந்தயத்துக்கு வாரம் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது பயிற்சி வேண்டும். நரசிபுரம் பக்கம் இருட்டோடு சைக்கிள் எடுக்க முடியாது; மலையிலிருந்து யானை இறங்கும். விடிந்த பிறகுதான் கிளம்ப முடியும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவதும் பால் ஊற்றுவதும் தோப்புக்குத் தண்ணீர் விடுவதும் அதே நேரத்தில்தான். அவன் சிறுவாணி ரோட்டில் மிதிக்கிற ஒவ்வொரு மணி நேரத்தையும் வீட்டில் அவள் ஈடுகட்டுகிறாள். எந்தச் செலவுப் பட்டியலிலும் அது வருவதில்லை.

2023 அக்டோபரில் ஹவாய்த் தீவின் கோனாவில் முழு நீள அயர்ன்மேன் உலகப் போட்டி பெண்களுக்கென்றே தனியாக நடந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறங்கினார்கள். அத்தனை பேர் வீட்டிலும் அவர்கள் வேலையை யாரோ ஒருவர் எடுத்துச் செய்திருக்கத்தான் வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். காலையில் உனக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்தால் என்ன செய்வாய் என்று தம்பி சம்சாரத்திடம் ஒருமுறை கேட்டேன். யோசிக்கவே இல்லை. "தூங்கோணுமுங்க" என்றாள்.

தம்பிக்கு இப்போது கோனா ஆசை வந்திருக்கிறது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், அதன்மேல் ஒரு முழு மராத்தான். கட்டணமே ஆயிரம் டாலருக்கு மேல். போகட்டும், அவனால் முடியும். ஆனால் இந்த முறை மேடையில் பெயர் கூப்பிட்ட பிறகு போன் செய்யாதே, தகுதிப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசு என்றேன். பேசியிருக்கிறான். "முதல்ல தண்ணி கட்ட ஆளு போடுங்க, பொறவு பாக்கலாம்" என்றாளாம். அந்த ஆள் கூலியையும் ஹவாய்ச் செலவில் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.