நாளைக்கு எடு

1979 மார்ச் 31 அன்று, நியூயார்க் மாநிலத்தின் பார்ட் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஜேமி லிவிங்ஸ்டன் தன் போலராய்ட் கேமராவில் ஒரு படம் எடுத்தார். சில வாரங்கள் போனபிறகு, கிட்டத்தட்ட தினம் ஒன்று என்ற கணக்கில் எடுத்துவருவதைக் கவனித்தார். சரி, இப்படியே போகட்டும் என்று முடிவு செய்தார். 1997 அக்டோபர் 25 வரை அது போனது. அன்று அவருக்கு 41-வது பிறந்தநாள். புற்றுநோயால் அன்றே இறந்தும் போனார்.

மொத்தம் 6,697 படங்கள். பத்து வருடங்கள் கழித்து, 2007-ல், ஹ்யூ க்ராஃபோர்ட், பெட்சி ரீட் என்ற இரண்டு நண்பர்கள் அதே கல்லூரியில் எல்லாவற்றையும் தேதி வரிசையில் காட்சிக்கு வைத்தார்கள். வேலைப்புத்தி போகாதே, நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் நாளும் கடைசி நாளும் சேர்த்து 6,784 நாட்கள். 87 குறைகிறது. அந்த 87-ஐப் பார்த்ததும் அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் பிரியம் கூடியது.

சாப்பாடு, நண்பர்கள், டிவித் திரை, படுக்கை, வானம் என்று எது வேண்டுமானாலும் அந்தப் படங்களில் இருக்கும். 1997-ல் மருத்துவமனை வருகிறது. தலையில் தையல் வருகிறது. பிறகு கல்யாணம். பிறகு சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. கல்யாணத்துக்கும் ஒரு சதுரம், ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமைக்கும் அதே அளவு ஒரு சதுரம். நம் ஞாபகம் நாட்களை இவ்வளவு சமமாக நடத்துவதே இல்லை.

என்னைத் தொந்தரவு செய்த கேள்வி அழகைப் பற்றியது அல்ல. லிவிங்ஸ்டன் யாருக்கு வாக்குக் கொடுத்தார்? யாரும் கேட்கவில்லை, யாரும் காசு தரவில்லை, இன்றைக்குப் போல லைக் போட ஆளும் இல்லை. அன்றைக்கு எஸ்.எக்ஸ்.-70 கேமராவுக்கான ஃபிலிம் பெட்டிக்குப் பத்துப் படங்கள்தான். சுமார் 670 பெட்டி தன் கையிலிருந்து வாங்கியிருக்க வேண்டும். ஒருநாள் விட்டிருந்தால் யாருக்கு நஷ்டம்?

தாமஸ் ஹாப்ஸ் 1651-ல் வெளியான லெவயதனில் அரசனைப் பற்றிப் பேசும்போது போகிறபோக்கில் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். கட்டியவனே அவிழ்க்கவும் முடியும் என்றால், தனக்குத்தானே கட்டுப்பட்டவன் உண்மையில் கட்டுப்பட்டவனே அல்ல. நான் உங்களிடம் ஆயிரம் ரூபாய் திருப்பித் தருகிறேன் என்று சொன்னால், 'பரவால்ல விடு' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, எனக்கு இல்லை. வாக்குக்குப் பலம் அங்கிருந்துதான் வருகிறது. கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே ஆள் என்றால், இரவு பதினொன்றரைக்குப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு 'பரவால்ல விடு' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். விஷயம் முடிந்தது.

நான் 2020 செப்டம்பர் 1-ம் தேதி தினம் ஒரு படம் என்று ஆரம்பித்தபோது ஹாப்ஸைப் படித்திருக்கவில்லை. ஊரடங்கு, வீட்டிலிருந்தே வேலை, ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் வித்தியாசம் தெரியாத காலம். போன் கேமராதான். தினம் ஒன்று, அழிக்கக்கூடாது, திருத்தக்கூடாது, எங்கும் பதிவிடக்கூடாது. இவ்வளவுதான் விதி.

ஹாப்ஸ் சொல்வது எவ்வளவு சரி என்பது மென்பொருள்காரனுக்குக் கூடுதலாகவே புரியும். ஒரு டிஜிட்டல் படத்தின் தேதி என்பது அந்தக் கோப்புக்குள் இருக்கும் ஒரு வரி எழுத்து. எக்ஸிஃப் என்பார்கள். ஒரே ஒரு கட்டளையில் அதை மாற்றிவிடலாம். கிட்-டில் ஒரு கமிட்டுக்கும் நாம் விரும்பிய தேதியைப் போடலாம். நாளைக் காலை இரண்டு படம் எடுத்து ஒன்றுக்கு இன்றைய தேதி போட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. கிட்ஹப் முன்பெல்லாம் ஒருவருடைய பக்கத்தில் தொடர்ச்சியாக எத்தனை நாள் வேலை செய்திருக்கிறார் என்ற எண்ணைக் காட்டும். 2016-ல் எடுத்துவிட்டார்கள். அந்த எண்ணுக்காகவே ராத்திரி ஒரு கமாவை மாற்றி கமிட் போட்ட ஆட்களை எனக்குத் தெரியும். நல்ல நண்பர்கள்தான்.

சாட்சி இல்லாததுதான் பிரச்சினை என்றால், சாட்சியை ஏற்பாடு செய்துவிடலாம். டெச்சிங் ஷே அதைத்தான் செய்தார். தைவானிலிருந்து வந்து, முறையான காகிதங்கள் இல்லாமல் நியூயார்க்கில் இருந்தவர். 1980 ஏப்ரல் 11 முதல் ஒரு வருடம், ஒவ்வொரு மணிக்கும், இரவிலும்கூட, தொழிற்சாலை வருகைக் கடிகாரம் ஒன்றில் அட்டையைக் குத்தி, ஒரு ஃப்ரேம் படமும் எடுத்துக்கொண்டார். அட்டைகளில் ஒரு சாட்சி முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார். தொடங்கும்போது மொட்டை, படங்களை ஓட்டிப் பார்த்தால் ஆறு நிமிடத்தில் முடி தோள்வரை வளர்ந்துவிடுகிறது. 8,760 மணிகளில் அவர் தவறவிட்டது 133. அதற்கும் கணக்கு வைத்திருக்கிறார். தூங்கியது 94, தாமதமாகக் குத்தியது 29, முன்கூட்டியே குத்தியது 10.

இந்த மூன்று எண்களும் எனக்கு அந்தப் படங்களைவிட முக்கியம். அவரும் 'பரவால்ல விடு' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் விட்டதை விட்டதாகவே எழுதி வைத்திருக்கிறார். நானும் ஒரு டெக்ஸ்ட் கோப்பு ஆரம்பித்தேன். மூன்று வருடத்தில் 1,095 நாட்களுக்கு என்னிடம் 1,057 படங்கள். மீதி 38-ல் தூங்கியது 21, மறந்தது 12, போனில் சார்ஜ் இல்லாதது 5.

ஹாப்ஸுக்கு இன்னொரு பதிலும் உண்டு, என்னைப் போன்றவர்கள் உடனே போய்ப் பிடித்துக்கொள்ளும் பதில். வாக்கு வாங்கியவன் இன்றைய நான் அல்ல, இருபது வருடம் கழித்து இருக்கப்போகிற நான். அவனால் இங்கே வந்து என்னை விடுவிக்க முடியாது, அதனால் நான் கட்டுப்பட்டவன்தான். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு ஒட்டவில்லை. லிவிங்ஸ்டனுக்கு அப்படி ஒரு எதிர்கால ஆள் வரவே இல்லை. வந்தவர்கள் நண்பர்கள்.

தமிழில் இதற்கு இன்னும் பொருத்தமான சொற்கள் இருப்பதாக நினைக்கிறேன். வாக்கு வேறு, நேர்த்தி வேறு, விரதம் வேறு. வாக்கில் எதிரே ஓர் ஆள் வேண்டும். நேர்த்திக்கடனில் எதிரே சாமி இருக்கிறது. கடன் என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறோம். விரதத்தில் எதிரே யாராவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சாமி நம்பிக்கை போனபின்னும் புரட்டாசிச் சனிக்கிழமை கறி சாப்பிடாதவர்களை எனக்குத் தெரியும். விரதத்தில் நோயாளிக்கு விலக்கு உண்டு. எந்தப் பாட்டியும் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையிடம் 'பட்டினி கிட' என்று சொல்வதில்லை. இருப்பவர் தன் வயிற்றைத்தான் காயப்போட வேண்டும், அடுத்தவர் வயிற்றை அல்ல என்பது கோட்பாடு. ஒருவருடைய விரதத்துக்காக வீடு முழுக்க வெங்காயம் நின்றுபோவது நடைமுறை.

அந்த வெங்காயம்தான் எனக்கு விஷயம். ஆன் கவாரா 1966 ஜனவரி 4-ல் தொடங்கி, அன்றன்றைய தேதியை மட்டும் ஓவியமாக வரைந்தவர். அன்று நள்ளிரவுக்குள் முடியவில்லை என்றால் அழித்துவிடுவார். கடுமையான விதி. ஆனால் செலவாவது அவருடைய துணியும் வண்ணமும் தூக்கமும். ஷே செலவழித்தது தன் தூக்கத்தை. கேமரா அப்படி இல்லை. எனக்கு முன்னால் யாராவது அல்லது எதாவது இருந்தாக வேண்டும். 'இன்னைக்கு இன்னும் எடுக்கலையே' என்று ராத்திரி ஒன்பது மணிக்கு வருவது ஒரு பசி. அந்தப் பசியோடு தெருவில் இறங்கினால், வண்டிக்கடையில் குழந்தைக்கு இட்லி ஊட்டும் அம்மா இட்லி ஊட்டும் அம்மாவாகத் தெரிவதில்லை, இன்றைய படமாகத் தெரிகிறாள். எனக்கு நானே விதித்துக்கொண்ட கடனை அவளுடைய முகத்தை எடுத்து அடைக்கலாமா?

லிவிங்ஸ்டனின் கேமராவில் இதற்கு ஒரு சின்ன நியாயம் இருந்தது. நெகட்டிவ் கிடையாது. படம் அங்கேயே வெளியே வரும், சில நிமிடத்தில் தெளியும். எடுக்கப்பட்டவர் கையில் வாங்கிப் பார்க்கலாம், முகம் சுளிக்கலாம், கிழிக்கவும் செய்யலாம். உலகத்தில் அதற்கு இன்னொரு பிரதி இல்லை. என் போனில் எடுத்தால், எதிரே இருப்பவர் 'ஏன் எடுத்தீங்க' என்று கேட்டு முடிப்பதற்குள் அது எங்கோ ஒரு சர்வரில் இரண்டு மூன்று பிரதிகளாகப் போய் உட்கார்ந்துவிடும். நான் அழிக்கிறேன் என்று அவர் கண்முன்னே அழித்துக்காட்டுவதும் பாதி நாடகம்தான், முப்பது நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும்.

2022 பிப்ரவரியில் அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது. வாரம் மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். பெரும்பாலும் நான்தான் கூடப் போவேன்; மடியில் லேப்டாப்போடு அங்கேயே வெளியே உட்கார்ந்து வேலை பார்ப்பேன். முதல் வாரமே கேட்டேன், ஒரு படம் எடுத்துக்கட்டுமா என்று. அப்பா தன் கையைப் பார்த்தார். ஊசி ஏற்றிய இடம் வீங்கியிருந்தது.

"இன்னைக்கு வேணாம்யா. நாளைக்கு எடு. நாளைக்கு நல்லா இருப்பேன்."

டயாலிசிஸுக்கு மறுநாள் அவர் கொஞ்சம் தெளிவாக இருப்பது உண்மைதான். ஆனால் மறுநாளும் சவரம் செய்திருக்க மாட்டார், அல்லது கண் வீங்கியிருக்கும், அல்லது "இந்தச் சட்டையிலயா" என்பார். தினப் படத்தின் ஒரே கொள்கை 'இன்று'. அப்பாவின் ஒரே வேண்டுகோள் 'இன்று வேண்டாம்'. இரண்டும் சந்திக்க வாய்ப்பே இல்லை.

தூங்கும்போது எடுத்திருக்கலாம். இயந்திரம் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் தூங்கிவிடுவார். எடுக்கவில்லை. டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள். இரண்டு நாளில் உடம்பில் எவ்வளவு நீர் தங்கியது, எவ்வளவு எடுத்தார்கள் என்று அந்த இரண்டு எண்களில் தெரியும். 61.2 என்று ஏறி நிற்பார், 58.9 என்று இறங்குவார். அந்த எண்ணை எடுத்தேன். "இத எடுக்கலாமாப்பா" என்று கேட்டதற்கு, "கால்தானே, எடுத்துக்கோ" என்றார். அது 43 படமானது. மீதி நாட்களில் பிளாஸ்க், மருந்துச் சீட்டு, வார்டு வாசலில் கிடந்த செருப்புகள், வராண்டா மின்விசிறி.

நவம்பரில் அப்பா போனார். பத்திரிகைக்கும் தெருவில் ஒட்டும் போஸ்டருக்கும் படம் வேண்டும் என்று சித்தப்பா என்னிடம்தான் கேட்டார். தினம் படம் எடுக்கிறவன் ஆயிற்றே. கடைசியில் அக்கா கல்யாண ஆல்பத்திலிருந்து ஒன்றை வெட்டிக் கொடுத்தோம். பதினோரு வருடம் முந்தைய அப்பா, மீசை கறுப்பாக.

காரியம் முடிந்த இரவு அக்கா கேட்டாள். "தினமும் எடுத்தியேடா. ரெண்டு வருஷம். கடைசி ஒன்பது மாசத்துல அப்பா மொகம் ஒண்ணுகூட இல்லையா?"

அவள் கேட்பதில் இருக்கும் நியாயம் பெரிது. இறப்பவருடைய கூச்சம் அவரோடு போய்விடுகிறது, இருப்பவர்களுக்கு முகம் வேண்டியிருக்கிறது. லிவிங்ஸ்டனின் நண்பர்கள் பத்து வருடம் கழித்து நின்று பார்த்த சுவரில் நோயுற்ற அந்த முகமும் இருந்தது. அது இல்லையென்றால் அந்தச் சுவருக்கு என்ன அர்த்தம் என்றுகூடக் கேட்கலாம். ஆனால் லிவிங்ஸ்டன் விரதம் இருந்தவர். தன் முகத்தைத்தான் கொடுத்தார். அப்பா எந்த விரதமும் எடுக்கவில்லை. நாளைக்குக் குடும்பத்துக்கு உதவும் என்ற காரணத்தைச் சொல்லி இன்றைக்கு ஒரு மனிதர் வேண்டாம் என்பதை மீறலாம் என்று ஒத்துக்கொண்டால், எல்லா மீறலுக்கும் ஒரு நாளை கிடைக்கும். ஹாப்ஸ் சொன்னதை இங்கே நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு நான் கொடுத்த வாக்கை நானே அவிழ்க்கலாம். அப்பாவின் மறுப்பை அவிழ்க்கும் உரிமை அப்பாவிடம் மட்டுமே இருந்தது. இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. அக்காவிடம் இதை இப்படி வாதமாகச் சொல்லவில்லை. காரிய வீட்டில் ஹாப்ஸைப் பேசுகிறவனைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவளுக்கு அந்த டெக்ஸ்ட் கோப்பை அனுப்பினேன். அதில் எடுக்காமல் விட்ட நாட்களுக்கு மட்டுமல்ல, எடுக்க நினைத்து வேறொன்றை எடுத்த நாட்களுக்கும் ஒரு வரி இருந்தது. 'அப்பா: நாளைக்கு', 'அப்பா: சவரம் பண்ணிட்டு', 'அப்பா: போடா.' கூடவே அந்த எடை பார்க்கும் படங்களையும் அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். "ஜூன்ல ஒண்ணு இருக்கே, 59.4. அத மட்டும் பிரிண்ட் போட்டு அனுப்புறியா?"

எடுத்துப் பார்த்தேன். எண்ணுக்குக் கீழே, சட்டகத்தின் ஓரத்தில், அப்பாவின் வலதுகால் பெருவிரல். நகம் ஒரு பக்கமாக உடைந்திருந்தது.

"அந்த நகம் அப்படித்தான்டா," என்றாள். "சைக்கிள் விழுந்தது. நான் ஆறாவது படிக்கிறப்ப. நீ அப்ப பொறக்கல."