பெரியப்பா வீட்டுக்குத்தான் போறேன்!

புதுச்சேரியில் ஓர் அண்ணன், தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனின் பேரப்பிள்ளைகளுக்கு பாரீஸ் போக விசா வேண்டாம். தம்பியின் பேரப்பிள்ளைகளுக்கு விசா இல்லாமல் முடியாது. ஒரே ரத்தம்தானே, ஏன் இப்படி?

எல்லாம் ஒரு கையெழுத்து செய்த வேலை! 1962 ஆகஸ்ட் 16 அன்று இந்திய - பிரெஞ்சு ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. 'எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும்' என்று 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுத்த புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே நீடித்தார்கள். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர் ஆனார்கள். அண்ணன் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை.

இப்போது தம்பியின் பேத்திக்கு பாரீஸ் கம்பெனி ஒன்றில் 2 மாத இன்டர்ன்ஷிப். முறைப்படி போவதென்றால் கல்லூரி, கம்பெனி, மாணவி மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். அதைக் காட்டித்தான் விசா கேட்க வேண்டும். நாளாகும். உடனே யாராவது யோசனை சொல்வார்கள்: "ஃபாரத்துல 'உறவினரைப் பார்க்க'ன்னு ஒரு கட்டம் இருக்கு பாரு, அதுல டிக் அடி. பெரியப்பா வீட்லதானே தங்கப்போறே? இதுல பொய் எங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால், தூதரகம் கேட்டது 'எதற்குப் போகிறாய்?' என்று. இவள் சொன்னது எங்கே தூங்குவாள் என்று!

"தாத்தா அன்னிக்கு ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடலைன்னா, எனக்கு எதுக்கு தண்டனை?" என்று அந்தப் பெண் கேட்கலாம். கேட்கட்டும். அந்தக் கோபத்தில் உண்மை இருக்கிறது. பிறப்பு என்ற தற்செயலில்தான் பாதி உலகத்தின் கதவுகள் திறக்கின்றன, மூடுகின்றன.

ஆனால், கணக்கு என்றால் வரவுக்கு எதிரே பற்றும் எழுத வேண்டும் அல்லவா? இவளுடைய லாபம் யார் பற்றில் ஏறுகிறது? முதலில் பெரியப்பா. விருந்தினரைத் தங்கவைக்க அங்கே அவர் நகரசபையில் சான்றிதழ் வாங்க வேண்டும். வருகிறவளால் முடியாவிட்டால் செலவை நானே ஏற்கிறேன் என்று அதில் கையெழுத்துப் போடுகிறார். விருந்தாளிக்காகப் போட்ட கையெழுத்து அது.

அடுத்து, முகம் தெரியாத ஒருவர். விசா மறுப்புக் கடிதத்தில் 'பயண நோக்கம் நம்பும்படி இல்லை' என்று ஒரு காரணம் அச்சிட்டே இருக்கிறது. இன்று இவள் பிடிபட்டால், நாளை அக்கா பிரசவத்துக்காக நிஜமாகவே பாரீஸ் கிளம்பும் தங்கை மேல் அந்தச் சந்தேகம் விழும்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஆகவே, ஆஃபர் வந்த அன்றே கம்பெனியிடம் கேளுங்கள், 'எனக்கு எந்த விசா?' என்று. பதில் சாதகமாக இல்லாமல் போகலாம். வாய்ப்பே கைநழுவலாம். அந்த நஷ்டம் சின்னதில்லை.

அப்போதும் குறுக்குவழி இழுத்தால், பெரியப்பாவுக்கு போன் போட்டு முழு விஷயத்தையும் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது வாய் தயங்கினால், அது பொய்யா இல்லையா என்று என்னிடம் கேட்க வேண்டியதே இல்லை.