பொலிசுக்குப் போனால் பாவமா?



உக்குவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் திருப்பலி முடிந்து புறப்படும் வேளையில் ஒரு தாய் என்னை நிறுத்தினார். சேலைத் தலைப்பால் கன்னத்தை மறைத்திருந்தார். "சாமி, புருசன் அடிக்கிறாருன்னு பொலிசுக்குப் போனா பாவமா?" என்று கேட்டார்.

குருப்பட்டம் பெற்ற புதிதில் இதே கேள்விக்கு நான் சொன்ன பதில், "பொறுத்துக்கொள் அம்மா, செபமாலை சொல்" என்பதுதான். அது தவறான பதில் என்பதை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

பொறுமை புண்ணியம்தான். ஆனால் புண்ணியம் என்பது மனிதன் சுயாதீனமாக மேற்கொள்வது. பயத்தினால் வாய்மூடிக் கிடப்பதற்குப் பொறுமை என்று பெயரிடலாகாது. மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவர் நம் ஆண்டவர் அல்லவா என்று சிலர் கேட்பார்கள். அவரே பெரிய குருவின் முன் காவலன் ஒருவன் தம்மை அறைந்தபோது, என்ன குற்றத்துக்காக அடித்தாய் என்று நியாயம் கேட்டதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். சவுக்கடிக்குக் கட்டப்பட்ட சின்னப்பரும் தாம் உரோமைக் குடிமகன் என்று சட்டத்தையே துணைக்கு அழைத்தார். மன்னிப்பது வேறு, மறுபடியும் அடிக்க இடங்கொடுப்பது வேறு. கணவனை மனதார மன்னித்த மனைவியும் கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம்.

விவாகத்தின் கட்டு அறுபடாதது என்பதில் மாற்றமில்லை. ஆனால் துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலோ மனதாலோ கடும் ஆபத்து விளைவித்தால் மற்றவர் பிரிந்து வாழ நியாயமுண்டு என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1153ஆம் இலக்கத்தில் கூறுகிறது. தாமதம் ஆபத்தானால் ஆயரின் ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இதை நம் திருமண ஆயத்த வகுப்புகளில் யார் எடுத்துச் சொல்கிறோம்?

நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் தாமாகவோ, அவர் சார்பில் பொலிஸ் அதிகாரியோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். நம்மவருக்கு அது மாத்தளையில். அவசரமானால் நீதவான் இடைக்காலக் கட்டளை தருவார். விசாரணை 14 நாட்களுக்குள் குறிக்கப்படும். அதன்பின் தரும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். அடி உதை மட்டுமல்ல, தொடர்ந்து கொடூரமாக அவமானப்படுத்துவதும் இதில் அடங்கும்.

"கோட்டுக்குப் போனால் குடும்பம் சிதறிவிடும்" என்று மாமியாரும் சொல்வார், கோயில் சபைத் தலைவரும் சொல்வார். இந்தக் கட்டளை விவாகரத்து அல்ல. கணவனை உடனே சிறைக்கு அனுப்புவதும் அல்ல. நெருங்காதே, அடிக்காதே என்று தடுப்பது. மீறினால்தான் தண்டனை: ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டுமே. குடும்பம் சிதறியது அடி விழுந்த இரவில். நீதிமன்றப் படியில் அல்ல.

ஆனாலும் சட்டம் ஏட்டில் இருக்கிறது, அவர் லயத்தில் இருக்கிறார். தேசிய அளவில் 2019ல் எடுத்த ஆய்வு, துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் அவரிடமிருந்தே உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகக் கண்டது. பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு எழுத ஆளில்லாமல் திரும்பியவர்களும், "சமாதானமாகப் போங்கள்" என்ற புத்திமதியோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. தமிழில் முறையிடுவது உரிமை, சலுகையல்ல. மகளிர் உதவிக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது.

அந்தத் தாயிடம், "பாவமில்லை அம்மா" என்றேன். சற்று நின்றுவிட்டு அடுத்ததைக் கேட்டார்: "அப்ப இன்னைக்கு ராத்திரி புள்ளைங்களோட எங்க படுக்கிறது, சாமி?"

விண்ணப்பித்தால் தங்குமிடத்துக்கு ஏற்பாடு செய்ய நீதவானுக்கு அதிகாரமுண்டு. ஆனால் நீதிமன்றம் விடிந்த பிறகுதான் கூடும். அன்றிரவு அவர் சகோதரியின் லயத்தில் தங்கினார். கோயில் மண்டபத்தின் பின்னறையை இத்தகையோருக்கு ஒதுக்கலாமா என்று பங்குச் சபையில் கேட்டேன். "ஊர் என்ன சொல்லும், சாமி?" என்றார்கள். இரண்டு கூட்டங்கள் ஆயிற்று. அறைக்கு இன்னும் பூட்டுத்தான்.