வெட்டுப்புள்ளி

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நாளில், இலங்கையில் ஏதாவதொரு பாடசாலை வாசலில் நின்று பாருங்கள். உள்ளே பத்து வயதுப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருப்பார்கள். வெளியே மதிலோரம் அம்மாமார் கண்மூடிக் கும்பிட்டபடி இருப்பார்கள். இந்தச் சோதனையைப் பிள்ளை தனியாக எழுதுவதில்லை, வீடே எழுதுகிறது. மூன்றாம் தரத்திலேயே ரியூசன் தொடங்கிவிடும். பின்னேர விளையாட்டு, கோயில் திருவிழா, அம்மம்மா வீட்டில் நிற்கும் விடுமுறை எல்லாம் ‘சோதனை முடியட்டும்’ என்று தள்ளிப்போகும்.

தொடக்கத்தில் இது பாரமாக இருக்கவில்லை. 1940களில் அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இலவசக் கல்விக்கு வழி திறந்தபோது, கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஏழை வீட்டில் பிறந்த கெட்டிக்காரப் பிள்ளை வயலோடு நின்றுவிடக் கூடாது, தேடியெடுத்துப் படிப்பிக்க வேண்டும் என்பதற்காகவே புலமைப்பரிசில் வந்தது.

இன்று 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்தச் சோதனையை எழுதுகிறார்கள். பல வீடுகளில் உதவிப்பணம் பற்றிப் பேச்சே இல்லை. பேச்சு முழுவதும் இந்தப் புள்ளியால் கிடைக்கும் பிரபல பாடசாலை இடம் பற்றித்தான். ரியூசனுக்குக் காசு கட்டக்கூடிய வீடு முந்துகிறது. யாருக்காகத் தொடங்கினார்களோ, அந்தப் பிள்ளை பிந்துகிறது.

பெறுபேறு வந்ததும் சித்தியடைந்தவர்களின் படத்தோடு சந்தியில் பதாகை ஏறும். படத்தில் இல்லாத பிள்ளையிடமும் ஊர் கேட்கும்: “எத்தினை புள்ளி?” இருநூறுக்கு எடுத்ததைச் சொல்லுமுன் அது தாயின் முகத்தைப் பார்க்கும்.

தாயைக் குறை சொல்வது சுகம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லை என்று தெரிந்தவள் வேறென்ன செய்வாள்? இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு நடுவே கிடக்கும் பள்ளத்தைத் தன் பிள்ளை தாண்ட வேண்டும் என்றுதான் அவள் பதறுகிறாள்.

அந்தப் பிரபல பாடசாலையின் வெட்டுப்புள்ளி எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். கூடிய புள்ளி எடுத்தவரிலிருந்து கீழ்நோக்கி இடங்களை நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். கடைசிக் கதிரை நிரம்பும் இடத்தில் நிற்கும் எண்தான் வெட்டுப்புள்ளி. இன்னும் பத்துக் கதிரை போட்டால் அது இறங்கும். நேற்று வெளியே நின்ற பிள்ளை உள்ளே வந்துவிடும். அதன் அறிவு அணுவளவும் கூடியிருக்காது.

அப்படியானால் அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையின் கையில் நாங்கள் திணிக்கும் அந்த எண் யாருடைய தோல்வி? நல்ல பள்ளிக்கூடங்களை எத்தனை கதிரையோடு நிறுத்திக்கொண்டோம் என்பதற்கு நாங்கள் எழுதிவைத்த கணக்கு அது. அந்தக் கடனைத்தான் பத்து வயதுத் தோள்கள் சுமக்கின்றன.