மனு நேரம் முடிந்த பிறகு

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விற்றதாகக் கைதானவர்கள் கடலூர் மத்திய சிறைக்குப் போனார்கள். இவர்களுக்கு உள்ளே வேளாவேளைக்குச் சோறு எதற்கு என்று ஊர் கேட்டால் அதில் வியப்பில்லை. அந்தச் சோறு குறையாமல் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது சிறைக் காவலரின் வேலை. இறந்தவர்களில் ஒருவர் அவருடைய சொந்தக்காரராகவே இருந்தாலும் வேலை அதுதான். ஒரு தட்டுத் தட்டினால் யாருக்குத் தெரியும்? வெளியே தெரிந்தாலும் ஊர் கைதட்டும்.

சட்டத்தின் பதில் நேரானது. நீதிபதி விதித்ததற்கு மேல் எதையும் சேர்க்கக் காவலருக்கு உரிமையில்லை. இதில் பலர் மறந்துவிடுவது, அவர் பொறுப்பில் இருக்கும் பலருக்கு நீதிபதி இன்னும் எதையுமே விதிக்கவில்லை என்பதை. இந்தியச் சிறைகளில் ஏறக்குறைய நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். 1982-ஆம் ஆண்டின் குண்டர் சட்டமோ, கள்ளச்சாராயக்காரர் என்று கருதப்படும் ஒருவரைத் தீர்ப்பே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்க இடம் தருகிறது. கல்வராயன் மலையில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைத்தவரும், ரசாயன வியாபாரச் சங்கிலியில் மெத்தனால் வாங்கி விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள். செய்தித்தாள் இருவரையும் 'சாராய வியாபாரி' என்று சொல்லி முடித்துவிடும். வெறுப்பை வைத்து வேலை பார்க்கும் காவலர் ஆளை மாற்றி அடிப்பது ஏறக்குறைய நிச்சயம். ஆளை மாற்றாமல் அடித்தாலும் அது குற்றமே.

ஆனால் காவலரின் அறம் பெரிதும் இடறுவது வெறுப்பிலா? இரக்கத்தில்தான் சிக்கல் அதிகம் என்று தோன்றுகிறது. ஒரு நிலைமையை எண்ணிப் பார்க்கலாம். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து, ரிமாண்டில் இருக்கும் கணவனை மனு போட்டுப் பார்க்க ஒரு பெண் கிளம்புகிறாள். கச்சிராயபாளையம் வழியாக மலை இறங்கி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி தாண்டிக் கடலூர் போய்ச் சேர்வதற்குள் மனு நேரம் முடிந்துவிடுகிறது. வாசலில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும்?

திருப்பி அனுப்பினால் விதி காப்பாற்றப்படும். அந்த விதியோ பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. மலை ஆளுக்கும் நகர ஆளுக்கும் ஒரே கடிகாரம் என்பது பார்க்கத்தான் சமம். சரி, உள்ளே விடட்டும் என்றால், இதே சலுகைக்கு அடுத்த வாரம் இன்னொருவர் ஐந்நூறு ரூபாய் நீட்டுவார். சிறைக்குள் பீடிக்கும் விலை உண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் சீட்டுக்கும் விலை உண்டு. விதி வளைகிற இடத்தில் முதலில் வந்து நிற்பது பணம். காசில்லாத கைதிக்கு விதியை விட்டால் வேறு துணை கிடையாது. ஆகவே கண்டிப்பான காவலரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. ஏழைக் கைதிக்குச் சில நேரம் அவரே பெரிய காப்பு.

இருந்தாலும் அந்தப் பெண்ணை உள்ளே விடுவதே சரி. ஒரு நிபந்தனை உண்டு: விட்டதையும் ஏன் விட்டேன் என்பதையும் பதிவேட்டில் எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எழுத முடிகிற சலுகை இரக்கம். எழுதக் கை கூசுகிற சலுகை வியாபாரம். கண்டிப்புக்கும் இந்தச் சோதனை பொருந்தும்: அடித்ததை யாரும் எழுதி வைப்பதில்லை.

பதிவேட்டை நம்பிவிட்டால் போதுமா என்றால், கோவில்பட்டி கிளைச் சிறை குறுக்கே நிற்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ரிமாண்டில் அங்கே கொண்டுவரப்பட்டபோது, உடம்பில் இருந்த காயங்கள் சேர்க்கைப் பதிவேட்டில் குறிக்கப்பட்டன. இரண்டு மூன்று நாளில் ஒருவர் பின் ஒருவராக இருவரும் இறந்தார்கள். அந்தப் பதிவு பின்னால் வழக்குக்கு உதவியது. உயிருக்கு உதவவில்லை. காயத்தை எழுதிய அதே நிமிடத்தில், 'இவர்களை இங்கே வைக்க முடியாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்' என்று சொல்லும் துணிவும் அந்தப் பதவிக்கு வேண்டியிருக்கிறது. காவல் நிலையம் அனுப்பி, டாக்டர் சான்று கொடுத்து, மாஜிஸ்திரேட் கையெழுத்திட்ட பிறகு, கடைசி வாசலில் நிற்கும் கீழ்நிலை ஊழியரிடம் அந்தத் துணிவை எதிர்பார்ப்பது நியாயமா? முன்னால் மூன்று பேர் தவறவிட்டதை நான்காமவர் பிடிக்க வேண்டும் என்கிறோம். நியாயமில்லைதான். ஆனாலும் அவருக்குப் பிறகு வாசல் இல்லை.

மேலிருந்து வரும் ஆணை வேறு வகை. வேலூரில் ஆயுள் கைதி ஒருவரைச் சிறைத்துறை டி.ஐ.ஜி. வீட்டு வேலைக்கு அனுப்பி, பிறகு திருட்டுப் பழி சுமத்தித் தனிச்சிறையில் வைத்துத் துன்புறுத்தியதாக எழுந்த புகாரில், 2024-இல் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் சி.பி.சி.ஐ.டி. 14 பேர் மீது வழக்குப் பதிந்தது. அந்தப் புகாரின்படி நடந்திருந்தால், கைதியை அழைத்துப்போக ஒரு காவலரும் கதவைத் திறக்க இன்னொருவரும் தேவைப்பட்டிருக்கும். 'ஐயா சொன்னார்' என்பது அவர்களைக் காப்பாற்றாது, காப்பாற்றவும் கூடாது.

நேர்மைக்கு விலை இல்லாமலும் இல்லை. 2022 ஆகஸ்டில் கடலூர் சிறை உதவி ஜெயிலரின் குடியிருப்பில் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார்கள். கைதி ஒருவரிடம் செல்போன் பறிமுதல் செய்யப்பட்டதற்குப் பழிவாங்கவே இது நடந்தது என்று வழக்கு. செல்போனைக் கண்டும் காணாமல் விட்டிருந்தால் அந்த வீட்டுக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள். விதிப்படி நட என்று காவலரிடம் கேட்கும் அரசு, அப்படி நடந்தவரின் வீட்டு வாசலுக்குக் காவல் போடக் கடமைப்பட்டது. இதை எழுதாமல் அவருக்கு மட்டும் அறம் சொல்வது பாதிக் கணக்கு.

மனு வாசலில் அந்தக் காவலர் எழுதிய ஒரு வரிக்கு இன்னொரு பயனும் உண்டு. 'மலை பஸ் தாமதம், அனுமதித்தேன்' என்று மாதத்தில் பத்து வரி சேர்ந்தால், தொலைவிலிருந்து வருவோருக்குத் தனி நேரம் ஒதுக்கக் கேட்பதற்கு அதுவே ஆதாரம். வாய்மொழியாக விட்டிருந்தால் அந்தப் பத்துப் பேரும் வந்ததற்கே தடம் இருக்காது.